லேசான சாக்லேட் பண்டங்கள்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. வீட்டில் செய்யும் 'ஹெல்தி' சாக்லேட் கேக் என்று சொல்லப்படும் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாற்றங்களோடு முடிந்துவிடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் கலோரி அநேகமாக அப்படியேதான் இருக்கும். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 390 கலோரி என்றால், வெல்லத்தில் சுமார் 380. எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. அதனால் வெண்ணெயை எடுத்துவிட்டு அதே எடைக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் கலோரி கூடத்தான் செய்யும்.

கருப்பட்டியின் மணம் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடலாம், கோகோவோடு நன்றாகவே சேரும். அதற்காகப் பண்டம் லேசாகிவிடாது.

சாக்லேட் பண்டத்தை உண்மையிலேயே லேசாக்கும் வழிகள் மூன்றுதான். சாக்லேட் கட்டியின் இடத்தில் கோகோ பவுடரை வைப்பது முதல் வழி. கொழுப்பு நிரப்பிய இடத்தில் தண்ணீரையோ பாலையோ காற்றையோ நிரப்புவது இரண்டாவது. நிஜ சாக்லேட்டைப் பண்டம் முழுக்கக் கரைக்காமல், நாக்கில் முதலில் படும் இடத்தில் மட்டும் வைப்பது மூன்றாவது. கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றையாவது பயன்படுத்துகின்றன. அளவுகள் கிராமில் இருப்பதால் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. கோகோவைக் கரண்டியால் அளந்தால் தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி 5 முதல் 6 கிராம் வரும், கூம்பாக அள்ளினால் இரண்டு மடங்கு. பல கேக்குகள் கசப்பதற்கும் வறண்டு போவதற்கும் இதுவே காரணம்.

கோகோ பவுடர் ஏன் லேசானது

தோல் நீக்கிய கோகோ விதைப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதுதான் கோகோ வெண்ணெய். பருப்பை அப்படியே அரைத்துச் சர்க்கரை சேர்த்தால் டார்க் சாக்லேட். அரைத்ததை அழுத்திக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டு, மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். இப்படிப் பிழியும் முறைக்கு ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பம் 1828-ல் காப்புரிமை பெற்றது. சாக்லேட்டின் நிறமும் கசப்பும் மணத்தில் பெரும்பகுதியும் பொடியிலேயே தங்கிவிடுகின்றன. பிழிந்து போவது பெரும்பாலும் கொழுப்புதான்.

எண்களில் சொன்னால், 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 100 கிராமில் சுமார் 600 கலோரி, கொழுப்பு 40 கிராமைத் தாண்டும். சர்க்கரை சேர்க்காத சாதாரண கோகோ பவுடர் 100 கிராமில் சுமார் 230 கலோரி. கொழுப்பு 10 முதல் 14 கிராம், நார்ச்சத்து 30 கிராமுக்கு மேல். அதோடு, பவுடரில் கோகோவின் கசப்பு செறிவாக இருப்பதால் குறைவாகப் போட்டாலே சுவை வந்துவிடும். ஒரு குறிப்பில் 100 கிராம் 70 சதவீத சாக்லேட்டை உருக்கி ஊற்றச் சொன்னால், அதற்குப் பதில் 35 கிராம் கோகோ, 30 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய், 20 மி.லி. பால் சேர்த்துப் பார்க்கலாம். கலோரி பாதியாகிவிடும். ஆனால் இது கேக், புட்டிங், பான்கேக் போன்றவற்றுக்கு மட்டும் பொருந்தும். கட்டியாக உறைய வேண்டிய பண்டத்தில் இந்த மாற்று நடக்காது. உறைய வைப்பதே கோகோ வெண்ணெய்தான், அது பவுடரில் போதுமான அளவு இல்லை.

கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 'டிரிங்கிங் சாக்லேட்' என்று எழுதியிருப்பது கோகோ பவுடர் அல்ல. அதில் பெரும்பகுதி சர்க்கரை. பொருள் பட்டியலில் கோகோ மட்டுமே இருக்க வேண்டும். அதோடு 'அசிடிட்டி ரெகுலேட்டர் 501' என்றோ 500 என்றோ இருந்தால் அது காரம் (புளிப்பை முறிக்கும் அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோ. நிறம் அடர்ந்திருக்கும், புளிப்பு போயிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் இயல்பான கோகோ. இளம் பழுப்பாக, லேசான புளிப்போடு இருக்கும்.

இந்த வேறுபாடு கேக்கில் முக்கியம். சமையல் சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். இயல்பான கோகோவின் புளிப்பை நம்பி எழுதிய குறிப்பில் காரம் சேர்த்த கோகோவைப் போட்டால் கேக் எழும்பாது, சோடா வாடையும் அடிக்கும். தயிர் சேரும் குறிப்பில் இந்தக் கவலை இல்லை. புளிப்பைத் தயிர் கொடுத்துவிடும், கோகோ எதுவானாலும் சரி.

கோகோ தயிர் கேக்

7 அங்குல வட்டத் தட்டுக்கு அளவு: கோதுமை மாவு 100 கிராம், கோகோ 30 கிராம், சர்க்கரை 110 கிராம், தயிர் 120 கிராம், மணமில்லாத எண்ணெய் 30 மி.லி., முட்டை 1, கொதிநீர் 90 மி.லி., சமையல் சோடா அரை தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் காபித்தூள் அரை தேக்கரண்டி. பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்குச் சுமார் 120 கலோரி, 11 கிராம் சர்க்கரை. வெண்ணெயும் உருக்கிய சாக்லேட்டும் சேரும் வழக்கமான பிரவுனியில் 100 கிராமுக்கு 430 கலோரி போல வரும். இந்தக் கேக்கில் 260 போல.

ஓவனை 170 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு வைக்கவும். கோகோ, காபித்தூள், உப்பு மூன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொதிநீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி 5 நிமிடம் விடவும். இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. கொழுப்பு குறைந்த கேக்கில் மணத்தைச் சுமந்து வர வெண்ணெய் கிடையாது. சூடான தண்ணீரில் ஊறும்போதுதான் கோகோ தன் மணத்தை முழுதாக விடும். காபித்தூள் காபிச் சுவைக்காக அல்ல, அரை தேக்கரண்டியில் அது தெரியவும் தெரியாது. கோகோவின் கசப்பை ஆழப்படுத்துவதற்காக மட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் சர்க்கரை, முட்டை, எண்ணெய், தயிர், எசன்ஸ் சேர்த்துச் சர்க்கரை கரையும்வரை விஸ்க்கால் அடிக்கவும். கோகோக் கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இதில் ஊற்றவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை வெந்து நூல் நூலாகத் திரியும். மாவு, சோடா, பேக்கிங் பவுடர் மூன்றையும் சேர்த்துச் சலித்து, அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும். தண்ணீர் கூடிவிட்டதோ என்று பயந்து மேலும் மாவு சேர்க்கக் கூடாது.

28 முதல் 32 நிமிடம் வேகும். 26-வது நிமிடத்திலேயே குச்சியால் குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் அது ஏற்கெனவே அதிகம். ஈரமான துகள் இரண்டு ஒட்டி வர வேண்டும். வெண்ணெய் நிறைந்த கேக் 5 நிமிடம் கூடுதலாக இருந்தாலும் தாங்கும், இது தாங்காது. எடுத்ததும் மெல்லிய துணியால் மூடித் தட்டிலேயே 10 நிமிடம் ஆறவிட்டால் ஆவி உள்ளேயே தங்கி மேற்புறம் காய்ந்து போகாது.

ஓவன் இல்லையென்றால் அடிகனமான கடாயோ பழைய குக்கரோ போதும். குக்கராக இருந்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் 2 செ.மீ. உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, மூடி போட்டு நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்கவும். பிறகு கேக் தட்டை வைத்து, தீயைக் குறைத்து, 40 முதல் 45 நிமிடம். மேற்புறம் நிறம் மாறாது, ஈரப்பசையோடு தெரியும். சாக்லேட் கேக்கில் அது குறையாகத் தெரியாது.

முட்டை சேர்க்காதவர்கள் தயிரை 160 கிராமாகக் கூட்டி, 1 தேக்கரண்டி கார்ன்ஃப்ளோர் சேர்க்கலாம். சற்று அடர்த்தியாக வரும்.

கேழ்வரகு மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கோதுமையில் பாதி வரை மாற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். கேழ்வரகில் மாவைப் பிணைத்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது, கேக் உதிர்ந்துவிடும். தண்ணீரையும் மெதுவாகத்தான் இழுக்கும். கேழ்வரகு மாவைத் தயிரில் கலந்து 20 நிமிடம் ஊறவைத்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் நறநறப்பு இருக்காது. சோடாவைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஊறும் மாவில் முதலிலேயே போட்டால் பொங்க வேண்டியதெல்லாம் பாத்திரத்திலேயே பொங்கி முடிந்துவிடும்.

இன்னும் குறைக்கலாமா?

இந்தக் கேள்வியில்தான் பலர் கேக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவின் புரதம் இறுகாமல் பார்த்துக்கொள்கிறது, கேக் மறுநாளும் மெத்தென்று இருப்பதற்கு அதுவே காரணம். மேலே உள்ள குறிப்பில் சர்க்கரை, மாவின் எடையைவிடக் கொஞ்சம் அதிகம். வழக்கமான சாக்லேட் கேக்குகளில் மாவைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு வரை சர்க்கரை இருக்கும். ஆகவே ஏற்கெனவே நிறையக் குறைத்தாகிவிட்டது. இங்கிருந்து 85 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் இனிப்பு ரொட்டிபோல இழுபட்டுக்கொண்டு வரும். ஒரு துண்டுக்கு ஒரு கிராம் சர்க்கரையை மிச்சப்படுத்தக் கேக்கையே இழக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் அப்படித்தான். 30 மி.லி.யைப் பாதியாக்க ஒரு வழி, நன்றாக வேகவைத்து நைசாக அரைத்த பீட்ரூட் 80 கிராம். தயிரை 80 கிராமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பீட்ரூட்டின் மண் மணமும் கோகோவும் ஒன்றையொன்று மறைத்துவிடும், நிறமும் அடரும். பழுத்த வாழைப்பழமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் வாசனை கோகோவை மிஞ்சி நிற்கும், அது வாழைப்பழக் கேக்காகவே ஆகிவிடும். எண்ணெயை முழுக்க எடுத்தால் எதைப் போட்டாலும் கேக் ரப்பர்போல வரும். மாவின் புரதத்தைச் சுற்றிப் படிந்து அதை மிருதுவாக வைக்கும் வேலையைக் கொழுப்பைப்போல் வேறெதுவும் செய்வதில்லை.

நடுவில் குழிந்தால் 20 நிமிடம் ஆகுமுன் ஓவனைத் திறந்திருப்பீர்கள், அல்லது சோடா கூடியிருக்கும். சோடா கூடினால் சோப்புபோல ஒரு வாடையும் வரும். தயிர் புதிதாக, புளிப்பே இல்லாமல் இருந்தால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம்.

பால் புட்டிங்

சாக்லேட் ஆசையைக் குறைந்த செலவில், குறைந்த கலோரியில் தீர்க்கும் பண்டம் இதுதான். ஆனாலும் இதை யாரும் அதிகம் செய்வதில்லை. டோன்டு பால் 500 மி.லி., கோகோ 20 கிராம், கார்ன்ஃப்ளோர் 25 கிராம், சர்க்கரை 45 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நான்கு கிண்ணம் வரும், கிண்ணத்துக்குச் சுமார் 150 கலோரி.

கோகோ, கார்ன்ஃப்ளோர், சர்க்கரை, உப்பு நான்கையும் உலர்வாகவே கலந்துவிட்டுப் பிறகு குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க வேண்டும். சர்க்கரை இடையில் இருப்பதால் கோகோ கட்டி சேராது. மீதிப் பாலையும் ஊற்றி நடுத்தரத் தீயில் வைத்து அடிபிடிக்காமல் கிளறவும். கெட்டியாகத் தொடங்கியதும் இறக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. குமிழ்கள் வெடிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். இல்லையென்றால் மாவு வாடை நிற்கும், ஆறியபின் தண்ணீரும் விடும். கொதித்து இறக்கியபின் போட்டு அடிக்கக் கூடாது. கூழாகிப்போன மாவுச்சத்து உடைந்து நெகிழ்ந்துவிடும். மேலே ஆடை படிவது பிடிக்காவிட்டால், சூடாக இருக்கும்போதே தட்டைக் கொண்டு மூடாமல் பட்டர் பேப்பரைப் புட்டிங்கின் மேல் ஒட்டினாற்போல் போடவும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. பெரிய பாத்திரத்திலிருந்து எச்சில் கரண்டியால் அள்ளிவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் புட்டிங் நீர்த்துக் கிடக்கும். உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். தனித்தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பொரி சாக்லேட்: கொறிப்பதற்கு

இனி நிஜ சாக்லேட். இங்கே கலோரியைக் குறைப்பது காற்று. அரிசிப் பொரி பெரும்பாலும் காற்றுதான். 35 கிராம் பொரி இரண்டரைக் கோப்பையை நிரப்பிவிடும். 60 முதல் 70 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 100 கிராம், பொரி 35 கிராம், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இருபது துண்டு வரும், துண்டுக்கு 40 கலோரி போல. உப்புப் பொரியாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம்.

சாக்லேட் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் இருந்தால் சாக்லேட். அதன் இடத்தில் தாவரக் கொழுப்போ ஹைட்ரஜனேற்றிய கொழுப்போ இருந்தால் அது காம்பவுண்ட். கட்டிகளாகவும் சிப்ஸாகவும் பேக்கிங் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி காம்பவுண்ட்தான். வேலை செய்வதற்கு எளிது, வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் சர்க்கரைதான் பட்டியலில் முதலில் இருக்கும், நாக்கிலும் மெழுகுபோல ஒரு படலம் தங்கும். லேசான பண்டம் செய்யக் கிளம்பிவிட்டு இதில் காசைப் போடுவதில் அர்த்தமில்லை.

முதல் வேலை பொரியை வறுப்பது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பொரி சீக்கிரம் நமுத்துவிடும். வெறும் வாணலியில் சிறு தீயில் 4, 5 நிமிடம் வறுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் பதம் வந்ததும் இறக்கி முழுதாக ஆறவிடவும்.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கவும். மூன்றில் இரண்டு பங்கை ஒரு கிண்ணத்தில் போட்டுச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைக்கவும். தண்ணீர் கிண்ணத்தின் அடியைத் தொடக் கூடாது, கொதிக்கவும் கூடாது. மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில் 30 விநாடி, கிளறிவிட்டு மறுபடி 20 விநாடி. இந்த வேலையில் முதல் எதிரி தண்ணீர். ஈரக் கரண்டி, ஆவியில் சொட்டிய ஒரு துளி போதும், சாக்லேட் திடீரென மண்போல இறுகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும் அந்தத் துளியில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் தண்ணீர்தான். 60 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் மறுபடி இளகி வரும். ஆனால் அது இனிக் கட்டியாக உறையாது. புட்டிங்கிலோ பாலிலோ சேர்த்துவிட வேண்டியதுதான்.

உருகியதும் மீதி மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே ஆறவிடவும். டெம்பரிங் என்பதன் சுருக்கம் இதுதான். கோகோ வெண்ணெய் பல வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பாக, 'டக்'கென்று ஒடியும்படி, சுமார் 34 டிகிரியில் உருகும்படி இருக்கும். சேர்த்த துண்டுகளில் அந்தப் படிகம் ஏற்கெனவே இருப்பதால் மற்றதும் அதன் வழியில் உறையும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி 31, 32-க்கு இறக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் கீழுதட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது, லேசாகக் குளிர வேண்டும்.

ஆனால் சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் அறையே 35 டிகிரி. சாக்லேட்டை 32-க்கு இறக்குவது எங்கே? ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் செய்யும் தொழில் வேரூன்றியதற்கு அந்த ஊர்க் குளிர் பெரிய காரணம். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஏ.சி. அறை வேண்டும், அல்லது டெம்பரிங்கை விட்டுவிடலாம். உருக்கிக் கலந்து, தட்டில் பரப்பி, நேராக ஃபிரிட்ஜில் வைத்து, ஃபிரிட்ஜிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவதாக இருந்தால் டெம்பரிங் செய்யாத குறை பெரிதாகத் தெரியாது. பளபளப்பு மட்டும் இருக்காது.

பொரியையும் கடலையையும் கலந்து, பட்டர் பேப்பரில் கரண்டியால் சிறு சிறு குவியலாக வைக்கவும். முதலில் சாக்லேட் போதாதுபோல் தோன்றும். விடாமல் புரட்டினால் எல்லாப் பொரியிலும் மெல்லிய பூச்சு ஏறிவிடும். 20 நிமிடத்தில் உறைந்துவிடும்.

சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், பூஞ்சை இல்லை. விரலால் தேய்த்தால் வழவழவென்று மறைந்தால் அது மேலே வந்து படிந்த கொழுப்பு. சொரசொரப்பாக இருந்தால் ஈரம் பட்டுக் கரைந்து மறுபடி படிந்த சர்க்கரை. இரண்டாவது வராமலிருக்க, காற்றுப்புகாத டப்பாவில் போட்டுத்தான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வேண்டிய துண்டை எடுத்ததும் டப்பாவை உடனே மூடி உள்ளே வைத்துவிட வேண்டும்.

தண்ணீரில் அடித்த மூஸ்

மூஸ் என்பது நுரைபோல மென்மையான சாக்லேட் பண்டம். இதற்குக் கிரீமும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். பிரான்சின் வேதியியலாளர் எர்வே தீஸ் பிரபலப்படுத்திய முறை இது. கிரீமை அடித்தால் ஏன் நுரைத்து நிற்கிறது? தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் காற்றுக் குமிழ்களைச் சுற்றி நின்று தாங்குவதால். சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் லெசித்தினும் பெரும்பாலும் இருக்கிறது. தண்ணீரை மட்டும் நாம் ஊற்றினால் போதும்.

70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராமையும் 90 மி.லி. தண்ணீரையும் சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கவும். ஒரு துளி தண்ணீர் கெடுத்த அதே சாக்லேட் இவ்வளவு தண்ணீரில் சாந்தாகக் கலந்துவிடும். பெரிய பாத்திரம் நிறைய ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, அதற்குள் இந்தக் கிண்ணத்தை அமர்த்தி, விஸ்க்காலோ கை பீட்டராலோ அடிக்கவும். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு நிறம் வெளிறும், விஸ்க் போன தடம் நிற்கத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் தாண்டினால் மணல்மணலாக இறுகிவிடும். இறுகினால் தூக்கிப்போட வேண்டியதில்லை, மறுபடி உருக்கி மறுபடி அடிக்கலாம். நுரையே வராவிட்டால் சாக்லேட்டில் கொழுப்பு போதவில்லை என்று பொருள். இன்னும் 20 கிராம் சாக்லேட் சேர்த்து உருக்கி அடிக்கவும். காம்பவுண்டில் இந்த முறையை முயல வேண்டாம்.

நான்கு பேருக்கு ஆளுக்கு 150 கலோரி. கிரீம் சேர்த்த மூஸோடு ஒப்பிட்டால் சாக்லேட்டின் சுவை இதில்தான் கூர்மையாகத் தெரியும், மேலே பாலாடை போர்த்தியிருக்காது. செய்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

வீட்டிலேயே சிப்ஸ் செய்வது

கோகோ வெண்ணெய் 50 கிராமை உருக்கி, சலித்த கோகோ 35 கிராம், பொடித்த சர்க்கரை 25 கிராம் கலந்து உறையவைத்து வெட்டினால் பேக்கிங்குக்கான சாக்லேட் துண்டு தயார். கடைச் சிப்ஸில் பாதி சர்க்கரை என்றால் இதில் கால்வாசிக்கும் குறைவு. அந்த வகையில் நல்லது. ஆனால் 100 கிராமுக்கு 570 கலோரி, கடைச் சிப்ஸைவிட ஒன்றும் குறைவில்லை. நறநறப்பும் இருக்கும். தொழிற்சாலையில் சர்க்கரைத் துகளை 20 மைக்ரான் அளவுக்கு அரைக்கிறார்கள், 30 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். மிக்ஸியால் அந்த நைசு முடியாது.

கோகோ வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. தேங்காய் எண்ணெய் 25 டிகிரி அளவிலேயே உருகிவிடும். குளிர்நாட்டில் எழுதிய குறிப்பு அது. நம் ஊரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கையில் வாங்கும்போதே ஒழுகும், கேக்கில் போட்டால் எண்ணெய்த் திட்டாகத் தங்கும்.

கேக்கிலோ குக்கீயிலோ சாக்லேட் கடிபட வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், 80 கிராம் சிப்ஸ் போடும் இடத்தில் 30 கிராம் டார்க் சாக்லேட்டைக் கத்தியால் சீவி, அந்தத் தூளும் துணுக்குமாகப் போடுங்கள். பாதியை மாவில் கலந்து, மீதியை மேலே தூவவும். மேலே இருப்பதுதான் முதலில் நாக்கில் படும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் தேடப்போவதில்லை.

பேரீச்சம்பழ உருண்டை, மற்ற இனிப்புகள்

விதை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் 150 கிராம், வறுத்த வேர்க்கடலை 60 கிராம், கோகோ 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. கடலையை மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிப் பொடிக்கவும், தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிவிடும். மற்றதைச் சேர்த்து அரைத்துப் பதினெட்டு உருண்டை பிடிக்கலாம். பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்கவும். அப்படிச் செய்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும்.

'சர்க்கரையே இல்லாத உருண்டை' என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நார்ச்சத்து உண்டு, சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வு வரும். ஆனால் நீரிழிவு உள்ளவர் பெயரை நம்பி நான்கு உருண்டை சாப்பிட்டால், சர்க்கரை போட்ட இனிப்புச் சாப்பிட்டதற்குச் சமம். ஒன்றுக்கு 46 கலோரி என்பது ஒன்றே ஒன்றைச் சாப்பிட்டால்தான்.

ஸ்டீவியா, எரித்ரிட்டால் போன்ற மாற்று இனிப்பூட்டிகளைக் கேக்கில் சர்க்கரைக்குப் பதில் முழுதாகப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஸ்டீவியா ஒரு சிட்டிகையிலேயே இனித்துவிடும், ஆகவே சர்க்கரையின் எடையும் அது பிடித்துவைக்கும் ஈரமும் கேக்கில் இருக்காது. எரித்ரிட்டாலுக்கு எடை உண்டு, ஆனால் ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும், வாயில் கற்பூரம் பட்டதுபோல ஒரு குளிர்ச்சியும் விடும். புட்டிங்கில் மட்டும் இவை ஓரளவு வேலை செய்யும். அங்கே கெட்டியாக்குவது கார்ன்ஃப்ளோர், சர்க்கரைக்கு இனிப்பைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. 45 கிராமில் பாதியைச் சர்க்கரையாகவே வைத்துக்கொண்டு மீதிப் பாதியின் இனிப்பை மட்டும் ஸ்டீவியாவால் ஈடுகட்டினால், அதன் பின்கசப்பு கோகோவின் கசப்போடு கலந்து தெரியாமல் போய்விடும். சூடாக இருக்கும்போது ருசி பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்தபின் இனிப்பு குறைந்து தெரியும், ஸ்டீவியாவின் கசப்போ அப்போதுதான் மேலே வரும். ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவைத்துவிட்டு மீதியைச் சேர்க்கவும்.